இன்வர்ட் நம்பர் இருக்கா?

மும்பையில் பேயிடம்கூடப் பேசிவிடலாம். ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரியிடம் பேசுவதுதான் கஷ்டம். பேய்க்காவது அமாவாசை என்று ஒரு நாள் உண்டு. செக்ரட்டரி அகப்படும் நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் போடுவதில்லை.

செம்பூரில் எங்கள் வீடு மேல்மாடி. ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கினால், மொட்டைமாடியில் விழுவதில் எங்கள் பங்கு பெட்ரூமுக்குள் வந்துவிடும். கூரையில் முதலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம் தெரியும். ஆடி பிறப்பதற்குள் அது மகாராஷ்டிரா மேப் மாதிரி விரிந்து, விதர்பா பக்கத்துக் காரை பெயர்ந்து மெத்தையில் விழும். இதைக் கமிட்டியின் காதில் போட எங்கள் பக்கத்தில் வழிவழியாக வந்த முறைகள் சில உண்டு.

முதலாவது லிஃப்ட் முறை. "சார், எங்காத்துக் கூரை ஒழுகறது" என்று ஆரம்பிப்பதற்குள் தரைத்தளம் வந்துவிடும். "ஆமாம்மா, இந்த வருஷம் மழை ஜாஸ்திதான்" என்று செக்ரட்டரி கிளம்பிவிடுவார். புகார் கொடுத்துவிட்டோம் என்பது நம் கணக்கு. வானிலை பேசினோம் என்பது அவர் கணக்கு.

அடுத்தது கோயில் முறை. கிருத்திகையன்று சேடா நகர் முருகன் கோயிலில் அவரை மடக்குவது. சந்நிதியில் நின்றுகொண்டு யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். "முருகன் பாத்துப்பாம்மா" என்பார். வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்ட் முருகனுக்குக் கொடுக்கப்பட்டதாக மினிட்ஸ் புத்தகத்தில் இதுவரை பதிவாகவில்லை.

மூன்றாவது, சேர்மனிடம் ஹிந்தியில் சண்டை போடுவது. அவர் சிந்திக்காரர். நமக்குக் கோபம் ஏற ஏற, சுவர் ஆணாகிவிடும், தண்ணீர் பெண்ணாகிவிடும். கூரையைக் கேட்க வேண்டியவர் இலக்கணத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்.

வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது. காலையில் ஒழுகும் கூரையைப் படமெடுத்துப் போட்டால், அடியிலேயே ஒரு குட்மார்னிங் பிள்ளையார் வந்து உட்காருவார். நாலைந்து பேர் கைகூப்புவார்கள், பிள்ளையாருக்கா கூரைக்கா என்பது தெரியாது. அப்புறம் யாரோ பார்க்கிங் விவகாரத்தைக் கிளப்புவார்கள். மத்தியானத்துக்குள் நம் கூரை காணாமல் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் நம்புவது மூன்று பக்கக் கடிதத்தை. பில்டர் செய்த துரோகத்தில் தொடங்கி, பழைய கமிட்டிகளின் வண்டவாளத்தைச் சொல்லி, புறாத் தொல்லை வழியாகக் கூரைக்கு வருவார். அதுவரை படிக்கிற பொறுமை எந்தக் கமிட்டிக்கும் இருந்ததில்லை.

மும்பைக்குச் சொசைட்டி ஒன்றும் புதுசு இல்லை. காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பிறந்தது 1915-ல். நூறு வருஷத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டிய ஊர் இது. அதனால் நம் லட்சணம் தெரிந்தேதான் விதி எழுதியிருக்கிறார்கள். மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1960 என்று ஒன்று உண்டு. அதையொட்டிய மாதிரி துணைவிதிகளில், மொட்டைமாடி வழியாக மழைநீர் இறங்கி மேல்மாடிக் கூரை கெட்டால் செலவு சொசைட்டியுடையது என்றே இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், கமிட்டி அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும், முடிவை அதற்கப்புறம் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. லிஃப்டைப் பற்றியும் முருகனைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே ஒரே ஒரு தாளில் எழுதினேன். எந்த அறை, எப்போதிலிருந்து ஒழுகுகிறது, எந்த விதிப்படி யார் பொறுப்பு, அடுத்த மழைக்குள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். புறாவுக்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு சொசைட்டி ஆபீசுக்குப் போனேன்.

"வெச்சுட்டுப் போங்கோம்மா, பாக்கறேன்" என்றார் செக்ரட்டரி.

"பரவாயில்லை சார், இன்னொரு காப்பில ஸ்டாம்ப் போட்டுக் கொடுங்கோ. இருக்கேன்."

மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல்முறையாக என் கூரையைப் பற்றிப் படித்தார். ரப்பர் ஸ்டாம்ப் டிராயரின் அடியில் கிடந்தது. மை பேட் காய்ந்து போயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் பெட்ரூமிலிருந்தே கொண்டுவந்திருப்பேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, வரவுப் பதிவேட்டு எண்ணான இன்வர்ட் நம்பரும் எழுதினார். அந்த நம்பர் விழுந்த பிறகுதான் அது என் வீட்டுக் கூரை என்பது போய், கமிட்டிக்கு வந்த தாள் ஆயிற்று. பதில் சொல்லாவிட்டால் நாளைக்குக் கூட்டுறவுத் துறைத் துணைப் பதிவாளர் முன்னால் அவர்தான் நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கொட்டேஷன் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் வேலையும் முடிந்தது.

செக்ரட்டரி கெட்டவர் இல்லை. ஆபீசுக்கும் போய்க்கொண்டு, டேங்கர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், வாட்ச்மேன் லீவு, மெயின்டெனன்ஸ் பாக்கி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். வாயால் சொன்னது எதுவும் அவர் தலையில் நிற்காது; நின்றால்தான் ஆச்சரியம். இதோடு வருஷாந்திரப் பொதுக்கூட்டத்தையும் செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும், 14 நாள் முன்பாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கோரம் சேராவிட்டால் அரைமணி கழித்து அதே இடத்தில் கூட்டம் நடக்கும் என்று அந்த நோட்டீசிலேயே அச்சடித்துவிடுவார்கள். நம் ஆட்களும் விதி தவறாமல் அந்த அரைமணி கழித்துத்தான் வருவார்கள், சமோசா வரும் நேரத்துக்கு. புதுக் கமிட்டிக்குப் பேர் கொடுங்கள் என்றதும் எல்லாருக்கும் வீட்டில் குக்கர் விசில் கேட்கும்.

குறை சொல்ல எங்கள் சொசைட்டியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை, கமிட்டியில் உட்கார அதைவிட இல்லை. உங்கள் கூரையும் ஒழுகினால் லிஃப்டில் வாயைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டு காப்பி எடுங்கள், ஸ்டாம்ப் வாங்காமல் ஆபீஸ் வாசலைத் தாண்டாதீர்கள். பொதுக்கூட்டத்துக்கும் நோட்டீசில் போட்ட நேரத்துக்கே போங்கள்.