டேஸ்ட் பார்த்துச் சொல்லுங்!

"நல்லாயிருக்குதுங்க" என்ற பதிலை டேஸ்ட் அம்மணி ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. எவர்சில்வர் டப்பாவை நம் கையில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று, நாம் மெல்லுவதை நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பார். விழுங்கி முடிப்பதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"நல்லாயிருக்குன்னா எப்படிங்க்கா?"

"நல்லா... மணமா இருக்குதுங்க."

"பூண்டு மணமா, பெருங்காய மணமா?"

"ரெண்டுந்தானுங்க."

"உப்பு?"

"சரியா இருக்குது."

"எங்க வீட்டுக்காரரு கம்மின்னு சொன்னாரே?"

"ஆமாங்க, யோசிச்சுப் பார்த்தா லேசா கம்மிதான்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க்கா! நீங்களே மனசுல வெச்சுக்கிட்டுப் பேசினா, நான் எப்படிங்க பிசினஸ் பண்றது?"

இவ்வளவும் அரை ஸ்பூன் பருப்புப் பொடிக்கு.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் இப்படியொரு டேஸ்ட் அம்மணி பொன்னுரங்கம் ரோட்டிலும் உண்டு, கௌலி பிரவுன் ரோட்டிலும் உண்டு. எந்த அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு திறந்தாலும் உள்ளே ஓர் அம்மணி, கையில் டப்பா. உப்பு கம்மி என்று வாய் தவறி ஒத்துக்கொண்டால் மறுநாளே அதே பொடி உப்பு கூடி வரும். அடுத்த வாரம் பூண்டைக் குறைத்து வரும். அதற்கடுத்து துவரம்பருப்பு மட்டும் போட்டது ஒன்று, பொட்டுக்கடலை சேர்த்தது ஒன்று, கொள்ளு கலந்தது ஒன்று என்று மூன்றாகப் பெருகும். மூடிகளில் ஏ, பி, சி என்று ஸ்டிக்கர். எது எதென்று சொல்லமாட்டார், சொன்னால் நாம் ஓரவஞ்சனை செய்துவிடுவோமாம். பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு மும்முரமாக விலை பேசிக்கொண்டிருக்கும்போது போன் வரும்: "பி சாப்டீங்களாக்கா?" "பி சாப்ட்டேனுங்க" என்ற நம் பதிலைக் கேட்டுப் பூக்காரம்மா கேட்பார்: "ஏனுங், ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

டப்பாவில் இன்னொரு சிக்கல். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது நம் பக்கத்துப் பழக்கமில்லை. ரெண்டு எலுமிச்சம்பழம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஊர்த் தோட்டத்திலிருந்து வந்த முருங்கைக்கீரையை ஒருமுறை வைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அது பொடியாகி என்னிடமே திரும்பி வந்தது. "டேஸ்ட் பார்த்துச் சொல்லுங்."

சொன்னாலும் போதாது, அதை வாய்ஸ் நோட்டாகப் போட வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் 'கஸ்டமர் ரிவ்யூ' தேவையாம்.

"நான் கஸ்டமரே இல்லீங்களே, இதுவரைக்கும் ஒரு ரூபா குடுக்கலையே?"

"அது கெடக்குதுங்க்கா. நீங்க இயல்பாப் பேசுங்க."

இயல்பாகப் பேசுவதற்கு எத்தனை ஒத்திகை! முதலில் நம் வீட்டுக் குக்கர் விசிலடித்துவிடும். இன்னொரு தடவை 'சூப்பர்' என்ற சொல்லில் உயிரில்லை என்பார். ஒருவழியாக நன்றாக வந்த பதிவில், ஏ என்பதற்குப் பதில் சி என்று சொல்லியிருப்போம்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அமத்தாவின் பெயரில் பிராண்டு, இலை போட்ட லோகோ, விற்பதற்கு முன்பே வாங்கிய சீலிங் மிஷின், கேட்காமலே டெலிவரி மேனேஜராக நியமிக்கப்பட்ட வீட்டுக்காரர். ஆரி வேலை செய்யும் அம்மணி இதே டேஸ்ட்டை ஜாக்கெட் கையில் காட்டுவார். ஹிந்தி ட்யூஷன் அம்மணி ஒரு மாதம் இலவசமாகப் பாடம் நடத்திவிட்டு, "பையனுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்பார்.

இவருக்குத் திறமை இல்லை என்று யாரும் நாக்கில் பல்லைப் போட்டுப் பேச முடியாது. 1957-லேயே பெண்களுக்கென்று மனையியல் கல்லூரி தொடங்கிய அவினாசிலிங்கம் ஐயாவின் ஊர் இது. வீட்டு வேலைக்குள் ஒரு படிப்பு இருக்கிறது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிப்பு அம்மணியின் கையில் இருக்கிறது. எந்தத் தீயில் பருப்பைச் சிவக்க வறுப்பது, மிளகாய் கருகாமல் எப்போது இறக்குவது, ஆறுவதற்கு முன் அரைத்தால் பொடி ஏன் கட்டி தட்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அவர் சுடும் கச்சாயம் மறுநாளும் மெத்தென்று இருக்கும். ஒப்புட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை கெட்டுப்போகும்.

முறையாகவும் செய்வார். வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையத்தில் கட்டணம் கட்டி, மசாலாப் பொடிகளுக்கும் ஊறுகாய்க்கும் பயிற்சி எடுத்து, சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார். பயிற்சி கொடுத்தவர்களிடமும் டப்பாவை நீட்டியிருப்பார் என்பது என் ஊகம். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறார். எடை, சேர்மானம், தயாரித்த நாள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி.

விலை.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் அதிகபட்ச விலையை அச்சடித்தாக வேண்டும் என்பது சட்டம். அம்மணி கேட்டால்தானே? "நம்ம ஆளுங்ககிட்ட என்னங்க்கா வெல! பார்த்துக் குடுங்க." பார்த்துக் கொடுங்கள் என்றால் நாம் எதைப் பார்ப்பது? உப்பைப் பற்றி ஊரெல்லாம் கருத்துக் கேட்டவருக்கு, இதை எவ்வளவுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் கணக்கு நோட்டைக் காட்டினார். பருப்பு, மிளகாய், பூண்டு, பெருங்காயம், கேஸ், கவர் என்று பைசா பிசகாமல் எழுதியிருந்தது. உங்க கூலி எங்கே என்றேன். "நான் வீட்டுலதானுங்க இருக்கேன், எனக்கென்ன கூலி?" என்று சிரித்தார். விடியக்காலை எழுந்து வறுத்து, இடித்து, சலித்து, இடுப்பு நோக ஒட்டிய பாக்கெட்டுகள் பின்னால் அடுக்கியிருந்தன.

வீட்டு வேலைக்குக் கூலி போட்ட கதை ஒன்று உண்டு. 1959 மார்ச்சில் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் தேய்த்தார்கள். அப்படித் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். அவர்களுக்கும் கையில் இருந்தது அடுப்படி வித்தை ஒன்றுதான். பின்னர் சேர்ந்த பெண்கள் பிசைந்த மாவை வாங்கிப்போய், அவரவர் வீட்டில் தேய்த்து, காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேய்த்த எடைக்கு இவ்வளவு என்று கையில் கூலி. வீட்டில்தானே இருக்கிறோம் என்று யாரும் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அங்கே 40,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருமானம் வருகிறது. அம்மணியின் நோட்டில் இல்லாதது கூலி என்ற அந்த ஒற்றை வரிதான்.

அம்மணியை மட்டும் நொந்து என்ன பயன்? நம் ஆட்கள் இருக்கிறார்களே! ஏ, பி, சி மூன்றையும் சோற்றில் பிசைந்து நெய் ஊற்றித் தின்றுவிட்டு, ஒருவழியாக அவர் விலை சொன்ன அன்றைக்கு, "வீட்டுல செய்யறதுதானுங்க, கடை வெல சொல்றீங்க?" என்பார்கள். அதே ஆட்கள் டி.பி. ரோட்டில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பலகாரத்தை, விலையைக்கூடப் பார்க்காமல், கார்டைத் தேய்த்து வாங்கி வருவார்கள். ஒறம்பரை என்றால் கேட்கவே வேண்டாம். வளைகாப்புக்கு முறுக்கும் கச்சாயமும் கிலோக்கணக்கில் வாங்கிப்போன ஒரு குடும்பம், குழந்தைக்குப் பேர் வைத்து, காதும் குத்தியாயிற்று. பணம் மட்டும் "அடுத்த வாரம்". கேட்டால் சொந்தம் விட்டுப்போகும் என்று அம்மணிக்கு வெசனம். வாங்கித் தின்றவர்களுக்கு அந்த வெசனம் கொஞ்சமும் கிடையாது. இது கருமித்தனம்கூட இல்லை, ஒரு பெண்ணின் உழைப்பை வாயில் போட்டுக்கொண்டு ஏப்பம் விடுகிற வேலை.

ஆகவே அம்மணி, ஊரறியச் சொல்கிறேன்: உப்பு சரியாக இருக்கிறது. பூண்டும் சரியாக இருக்கிறது. பி-யே போதும், டி என்று ஒன்று வேண்டவே வேண்டாம். உங்கள் கூலியையும் சேர்த்துக் கூட்டி, அந்தக் காலிக் கட்டத்தில் விலையை அச்சடியுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை டப்பா வந்தால், சாப்பிட்டுவிட்டு, அரைக் கிலோ என்ன விலை என்று நீங்களே கேளுங்கள். அவர் சொல்லும் விலையில் குறைக்காதீர்கள். பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.