இங்கே கொடு!

வரிச்சிக்குடிப் பெரியப்பாவை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம், அவ்வளவே. கோடை விடுமுறையில் ஏதோவோர் அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு இணையவழிக் கைவினைப் பயிற்சி நடத்துகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த மாத்திரத்தில், தம்பி மகனின் பெயரைப் பதிவு செய்பவரும், கட்டணம் கட்டுபவரும், கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் பசையும் வண்ணத்தாளும் வாங்கி வருபவரும், வகுப்பு தொடங்குமுன் பையனுக்கும் முன்னதாக நாற்காலியில் அமர்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்பவரும் அவரே.

2020இல் பெருந்தொற்று பள்ளிகளையும் அருங்காட்சியகங்களையும் ஒருசேர மூடியபோது, முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா போன்ற நிலையங்கள் தங்கள் பயிற்சிகளைத் திரைக்குக் கொண்டுவந்தன. குழந்தைகளின் விரல்கள் பழக வேண்டும் என்பதே அவற்றின் உத்தேசம்; எவருடைய விரல்கள் என்பதில்தான் பெரியப்பாவுக்கு அபிப்பிராய பேதம்.

அன்றைய பாடம் ஓலைக் காத்தாடி. தென்னங்கீற்றின் ஈர்க்கை உரித்து நீக்கி, ஓலைத் துண்டுகளை ஒன்றினுள் ஒன்றாக மடித்துக் கோத்து, நடுவே ஈர்க்கைச் செருக வேண்டும் என்று ஆசிரியை சாவகாசமாகச் செய்து காட்டுகிறார். பையன் முதல் மடிப்பைச் சற்றே கோணலாக மடிக்கிறான். பெரியப்பா கனைக்கிறார். இரண்டாம் மடிப்பும் கோணுகிறது. "இங்கே கொடு, சும்மா பிடிச்சுக் காட்டறேன்" என்கிறார், பரம சாந்தமாக. மூன்றாம் மடிப்பில் சாந்தம் போய்விடுகிறது, வெறும் "இங்கே கொடு!" அதன்பின் வாய்ச்சொல்லும் அநாவசியமாகி, நீட்டிய உள்ளங்கை ஒன்றே போதுமென்றாகிறது. பையனின் முகம் மெல்ல மெல்லத் திரையின் ஓரத்துக்கு நகர்ந்து, ஒரு காதாகச் சுருங்கி, அதுவும் மறைய, பவள மோதிரம் அணிந்த, ரோமம் அடர்ந்த இரண்டு கரங்கள் திரையை முழுவதும் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. "தம்பியே செய்யட்டும் சார்" என்று ஆசிரியை கெஞ்சுகிறார். "அவன்தாம்மா செய்யறான், நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பெரியப்பா நெடுநேரம் வாதிடுகிறார். தம் ஒலி அடைக்கப்பட்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை.

இதற்குள் பையன் கொல்லைப்புறம் போய், மிச்ச ஓலையைச் சுருட்டி ஒரு பீப்பீ செய்து ஊதுகிறான். கேட்கச் சகியாத நாதந்தான். ஆயினும் முழுக்க முழுக்க அவன் கைப்பட்டது. அபஸ்வரம் காதில் விழுந்ததும் பெரியப்பா காத்தாடியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு விரைகிறார்.

அவர் கெட்டவரல்லர். அவருடைய தாயாரைக் கேட்டால் விஷயம் விளங்கும். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் வாங்கிய விளையாட்டுச் சாமானாகட்டும், தாமே ஒட்டிய பட்டமாகட்டும், அவருடைய தகப்பனார் எதையும் அவர் கையில் விட்டுவைத்ததில்லையாம். "இங்கே கொடுடா" என்று வாங்கி, திருத்தமாக முடித்து, உடைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டிவிடுவாராம். காத்தாடி சுழலத் தொடங்கும் க்ஷணத்தில் பெரியப்பாவின் முகத்தில் பரவும் பிரகாசம், அறுபதைத் தாண்டியவருடையதாக இல்லை. அதைக் கண்ட பின் அவர்மேல் கோபம் கொள்வது சிரமம்.

சிரமப்பட்டாவது கொள்ளத்தான் வேண்டும். தகப்பனாரிடம் வரவேண்டிய கடனைத் தம்பி மகனிடம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? கோணல் காத்தாடியும் சுழலும். சுழலாவிட்டால் ஏன் சுழலவில்லை என்பதையாவது பையன் கற்பான். இப்போது அவன் கற்றிருப்பதெல்லாம், நீட்டிய கையில் பொருளை வைத்துவிட்டு எழுந்து போவது ஒன்றுதான். அருங்காட்சியகம் அவசியமென்றால், கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பெரியப்பா அவனை அங்கே அழைத்துப் போகட்டும். அங்கே சாமான்களெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கும். யாரிடமும் எதையும் அவர் கேட்டு வாங்க முடியாது.