ஒரு வீட்டுக்கு எத்தனை விலை?

மன்னார்த் தீவில் ஒரு கல்வீடு விலைக்கு வந்தால், அதற்குக் குறைந்தது நான்கு விலைகளாவது இருக்கும். லண்டனிலிருக்கும் மகன் நினைக்கும் விலை முதலாவது. அதில் அவர் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் விளையாடிய ஞாபகமும் சேர்த்தி. வாங்குபவரின் முகத்தைப் பார்த்துத் தரகர் சொல்வது இரண்டாவது.

மூன்றாவது, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளருடையது. அவர் உறுதியைப் பார்ப்பார், பரப்பை அளப்பார், கிணற்றில் உப்புத்தண்ணீரா நல்லதண்ணீரா என்று கேட்பார், கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானம் கழிப்பார். ஞாபகத்துக்கு அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. சந்தைப் பெறுமதியை எழுதிவிட்டு, அதற்குக் கீழே அவசர விற்பனைப் பெறுமதி என்று இன்னொன்றும் எழுதுவார். வங்கியின் கண் பெரும்பாலும் அந்தக் கீழ்வரியில்தான்.

நான்காவது, உறுதியில் எழுதும் விலை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கோடி ரூபாய் வீட்டுக்கு 3,99,000 ரூபாய். அதையே நாற்பது லட்சம் என்று எழுதினால் 1,59,000. நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் வீடு சட்டென்று இளைத்துவிடுவது இதனால்தான். மாகாண இறைவரிக்காரர் நம்பாவிட்டால் மிச்சத்தைக் கேட்டுக் கடிதம் வரும் என்பது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வீட்டை மதிக்க வரும் மதிப்பீட்டாளர் ஒப்பிட எடுப்பதும் இந்த இளைத்த உறுதிகளைத்தான். “என்ன தம்பி, இவ்வளவு குறைச்சுப் போட்டிருக்கிறீர்?” என்று அவரைத் திட்டுபவர், போன வருடம் நாற்பது லட்சம் என்று எழுதிய அதே அயலவர்.