லத்தீஃபின் ஐந்து ஆட்டங்கள்

பந்து புல்லில் பட்டதா இல்லையா என்பது மைதானத்தில் ஒருவனுக்குத்தான் உறுதியாகத் தெரியும்: பிடித்தவனுக்கு. தெரிந்தும் பந்தை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். அதற்குத் தொழில்முறை ஆட்டம் என்று பெயர். தராசில் விரல் வைக்கும் மீன்காரனுக்கு மட்டும் நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

தண்டனை இல்லாமல் இல்லை. ஆளைப் பொறுத்து உண்டு. 2003 செப்டம்பர், முல்தான் டெஸ்ட். வங்காளதேசத்தின் அலோக் கபாலியைப் பிடித்ததாகப் பாகிஸ்தான் கேப்டன் ரஷீத் லத்தீஃப் அவுட் கேட்டார்; பந்து நழுவித் தரையைத் தொட்டது பிறகு டிவியில் தெரிந்தது. மேட்ச் ரெஃப்ரி மைக் புரொக்டர் ஐந்து ஒருநாள் ஆட்டங்களுக்குத் தடை போட்டார். 2013இல் மிஸ்பா உல் ஹக்கின் கேட்சை நழுவவிட்டும் அவுட் கேட்ட மேற்கிந்தியத் தீவுகளின் தினேஷ் ராம்தினுக்கு இரண்டு ஆட்டம் தடை, ஆட்டச் சம்பளம் முழுவதும் அபராதம். நியாயம்தான். கைதட்டுகிறேன்.

இப்போது 2008 ஜனவரி, சிட்னிக்கு வாருங்கள். அங்கும் ரெஃப்ரி அதே புரொக்டர். பிடித்தவன் சொல்லை நம்புவது என்று ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங்கும் இந்தியக் கேப்டன் கும்ளேயும் தொடருக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். கடைசி நாள், கங்குலி 51. ஸ்லிப்பில் கிளார்க் தாழப் பிடித்தார். நடுவர் மார்க் பென்சன் மூன்றாவது நடுவரிடம் போகவில்லை, பாண்டிங்கிடம் கேட்டார். பாண்டிங் விரலைத் தூக்கினார், பென்சனும் தூக்கினார். கேப்டனே நடுவர் என்றால் ஐசிசிக்கு ஒரு சம்பளம் மிச்சம். யார் சொல்லை நம்பி? அதே ஆட்டத்தில் கும்ளேயின் பந்தை நேராக டிராவிட் கையில் கொடுத்துவிட்டு, நடுவர் சொல்லும்வரை நகராமல் நின்ற கிளார்க்கின் சொல்லை நம்பி! தோனிக்கு எதிராகப் பாண்டிங்கே பந்தோடு தரையில் கையை ஊன்றிக்கொண்டு அவுட் கேட்டதும் அன்றுதான். அதைப் பற்றிக் கேட்ட செய்தியாளரிடம், என் நேர்மையைச் சந்தேகிப்பவருக்கு இங்கே இடமில்லை என்று சீறினார்.

ஆஸ்திரேலியா 122 ரன்னில் வென்றது. இன்னொரு நடுவர் பக்னரை அடுத்த டெஸ்டிலிருந்து தூக்கினார்கள். ஹர்பஜனுக்கு வேறொரு வழக்கில் மூன்று டெஸ்ட் தடை விதித்தார் புரொக்டர். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. கேட்ச் கேட்ட கைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முல்தானில் இருந்த கண், சிட்னியில் எங்கே போனது?

2023 ஜூனில் ஓவலில் இன்னும் அழகு. ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் தரையோடு பிடித்த பந்தில் இந்தியாவின் ஷுப்மன் கில் அவுட். அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டு, பக்கத்தில் பூதக்கண்ணாடி எமோஜியை வைத்தார் கில். ஆட்டச் சம்பளத்தில் 15 சதவீதம் அபராதம்! பிடித்ததைப் பற்றி வாய்திறந்தால்தான் குற்றம் போலும்.

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளில் தே தாரிக்கை ஆற்றவிட்டு நியாயம் பேசும் நம் ஆட்களையும் விட்டுவைப்பதற்கில்லை. ஆஸ்திரேலியன் பிடித்தால், “தரையில பட்டுருச்சு பாஸ், திருட்டுப் பயலுக!” இந்தியன் பிடித்தால், அதே கோணத்தில் உறைந்து நிற்கும் அதே மங்கல் படத்தைப் பார்த்து, “விரல் கீழ இருக்குல்ல, கண்ணு தெரியலையா?” ஜெர்சியின் நிறத்தைப் பார்த்துத்தான் இவர்கள் கண்ணுக்குப் புல் தெரியும்.

கிள்ளான் பாண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில் 2023 ஜூலையில் மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார்; ஆண்கள் சர்வதேச டி20இல் அன்றைக்கு அது உலக சாதனை. ஏழு பேரும் போல்ட். எவன் சத்தியத்தையும் நம்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

எல்லாருக்கும் அப்படிப் பந்து வீச வராது என்பதால் ஐசிசி கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம். தரையில் பட்டதைக் கேட்ச் என்று காட்டுகிறவன் எந்தப் பணக்கார வாரியத்தின் கேப்டனாக இருந்தாலும் ஐந்து ஆட்டம் வெளியே உட்கார வையுங்கள். முடியாதென்றால், லத்தீஃபின் ஐந்து ஆட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள்.