ஸ்லைடரை விடாதே, தம்பி!

பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்தில் மூன்று பேர் பங்கு போட்ட ரூம், ஒரு லேப்டாப், தவணையில் வாங்கிய கண்ட்ரோலர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மண்டபத்துப் புல்வெளியில் டி.ஜே.யாக இன்று உனக்கு முதல் ரிசப்ஷன். என்ன பாட்டு போடுவது என்று யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. டெக் ஓரத்தில் நீளமாக ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, அது ஒன்று போதும்.

1. முதல் வேலை, கீ லாக்கை அணை. அது இருந்தால் வேகம் மாறினாலும் சுருதி மாறாது. அப்புறம் நீ உழைத்தது யாருக்குத் தெரியும்? அணைத்துவிட்டு ஆறு சதவீதம் ஏற்று. ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். அதற்கு வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உனக்குச் சுண்டுவிரல்.

பாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கும்போது மட்டும் கீ லாக்கைப் போட்டுக்கொள். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, திரும்பத் திரும்ப ஒட்டித்தான் அது நீட்டுகிறது. தவிலில் விழும் ஒவ்வொரு அடியும் இரண்டிரண்டாகக் கேட்கும். ஒரு வித்வான் சம்பளத்தில் இரண்டு பேர்.

2. ஸ்லைடரின் எல்லையை விரி. டெக்னிக்ஸ் கம்பெனி 1979இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் மேலே எட்டு சதவீதம், கீழே எட்டு சதவீதம், அவ்வளவுதான். அதை வைத்தே ஊர் ஊராக ஆடவைத்தார்களாம். பாவம், வேறு வழியில்லை. உன் சாஃப்ட்வேர் ஐம்பதையும் தாண்டும். அந்தக் காலத்தில் 33 சுற்று இசைத்தட்டைத் தவறிப்போய் 45இல் ஓடவிட்டால் வேகம் 35 சதவீதம் ஏறும். ஒரு கட்டைக்காரர் நாலு கட்டைக்கு மேல் போய்க் கீச்சிடுவார். யாராவது ஓடிவந்து ஊசியைத் தூக்கிவிடுவார்கள். உன்னிடம் ஊசி கிடையாது. எவனும் தூக்க முடியாது.

3. திரையில் தெரியும் பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு, வேதவாக்கு. ஆறெட்டுக் குத்துப் பாட்டைச் சாஃப்ட்வேர் நாலாக எண்ணிக்கொண்டு ஒன்றரை மடங்கு காட்டும். திருத்தாதே. 120 ஓடுகிற பாட்டுக்கு 180 என்று போட்டிருந்தால் 180தான். சிங்க் பட்டனை அமுக்கு. அடுத்த பாட்டு மூச்சிரைக்க ஓடிவரட்டும். திஸ்ரத்தின் மேல் சதுஸ்ரம் விழும்போது நாதஸ்வர கோஷ்டி சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எட்டிப் பார்க்கும். பொறாமை.

4. மாமாக்கள் பழைய பாட்டு கேட்பார்கள். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலத்துப் பாட்டு அது. சரணத்தில் கொஞ்சம் முந்தும், பல்லவிக்கு வரும்போது நிதானிக்கும். சாஃப்ட்வேர் தாளத்துக்குப் போட்ட கோடுகளுக்குள் அது அடங்காது. தப்பு வாசித்தவர்கள் மேல்தான். கோடு எப்படித் தப்பாகும்?

5. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேக் எஃபெக்ட். செங்கல்பட்டு லோக்கல் கூடுவாஞ்சேரியில் நின்று, பொத்தேரியில் நின்று, காட்டாங்குளத்தூரில் நிற்பதில்லையா? பாட்டும் அப்படியே முனகிக்கொண்டு நிற்கட்டும். ஆடுகிறவர்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். நீ இரண்டு கையையும் மேலே தூக்கு.

6. ஹெட்போன் கழுத்துக்கு. காதுக்கு அல்ல.

7. மணி 9.40. திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்ட பாட்டு இன்னும் 25 நிமிஷத்துக்கு இருக்கிறது. ஒன்றையும் வெட்டாதே. எல்லாவற்றையும் கூட்டல் 25இல் வை. கணக்காகப் பத்து மணிக்கு முடியும்.

பெண்ணின் தாத்தா மெதுவாக நடந்து வந்து, "ஏன் தம்பி, இதெல்லாம் குழந்தைங்க பாடினதா?" என்பார்.

"ஆமாங்க ஐயா" என்று சொல். சொல்லும்போதும் ஸ்லைடரிலிருந்து கையை எடுக்காதே.