எண்பது சதவீதம் காணாமல் போன ஏலக்காய்

மென்பொருள் குழுக்கள் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் கருவிகளை வடிவமைப்பது என் தொழில். என் சொந்த வேலைகளை நான் எழுதி வைப்பது கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்.

மென்பொருளை உருவாக்கும் செயல்முறையும் ஒரு மென்பொருள்தான் என்று லியான் ஆஸ்டர்வெயில் 1987-இல் வாதிட்டார். அதைப் படித்த வேகத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கருவி செய்தேன். எந்த வேலையும் 11 கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஒன்று முடியாமல் அடுத்தது திறக்காது. பின்னால் திரும்பவும் வழியில்லை. திரையில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த நான்கு பேர் ஒப்புதல் தர வேண்டும்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வேலையெல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் 'முடிந்தது' பக்கம் தள்ளிவிடுவான். திரை பச்சைப்பசேல் என்றிருக்கும். அதை மேலதிகாரிகளிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன்.

இப்படி வரிசையாக இறங்கிப் போகும் முறையை 1970-இல் படம் போட்டுக் காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், அதை அப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதியிருந்தார். நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன். இத்தனைக்கும் நான் போடிநாயக்கனூர்க்காரன். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பூப்பாறைப் பக்கம் மாமாவுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. அவர் கேட்காமலேயே, காய் உலர்த்தும் அவருடைய ஸ்டோருக்கும் ஒரு கருவி செய்தேன். முதல் நாள் 100 கிலோ பச்சைக்காய் உள்ளே போனது. மறுநாள் விடியற்காலை காய்ந்து வந்தது 20 கிலோ. '80 சதவீதம் குறைகிறது' என்று மாமாவின் போனுக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போனது. மனுஷன் தூக்கக் கலக்கத்தில் டார்ச்சோடு ஓடி, காவல்காரரிடம் சத்தம் போட்டுவிட்டார். சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ என்பது போடியில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கருவிக்குத்தான் சொல்ல மறந்துவிட்டேன்.

சமாதானம் பேசத் தோட்டத்துக்குப் போன இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தச் செடியில் எத்தனை சதவீதம் வேலை முடிஞ்சிருக்கு மாமா?" என்றேன். அவர் குனிந்து, தரையோடு கிடந்த ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல பூவும் இருக்கு, பிஞ்சும் இருக்கு, முத்துன காயும் இருக்கு. நீயே சொல்லு மாப்ள."

முத்தின காயை மட்டும் எடுத்துவிட்டு, 40, 45 நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். சிறுகச் சிறுக முடித்து, மறுபடி மறுபடி திரும்பி வருவதுதான் நல்ல முறை என்று நான் ஊர் ஊராக வகுப்பு எடுத்திருக்கிறேன், கட்டணம் வாங்கிக்கொண்டு.

கங்காணியின் நோட்டைப் புரட்டினேன். ஆள் பெயர், கிலோ. நடுவில் ஒரு நாளுக்கு நேராக 'மழை' என்று மட்டும் இருந்தது. என் கருவியில் நிரப்ப 42 இடங்கள். மழையை எழுத ஓர் இடம் இல்லை.

இப்போது அலுவலகக் கருவியில் கட்டங்கள் மூன்றுதான். பக்கத்தில் குறிப்பெழுத ஒரு காலி இடம். மாமா நோட்டுக்கே திரும்பிவிட்டார்.

கருவி செய்யக் கிளம்புகிறவர்கள், வேலை நடக்கும் இடத்தில் முதலில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அந்த இடம் ஏலக்காடு என்றால் கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும். அட்டைக்கு. அதையும் நான் மறந்துதான் போயிருந்தேன்.