நோயாளர்களுக்கும் வருடாந்த இடமாற்றம் வேண்டும்

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
'சுவசிரிபாய', கொழும்பு 10.

(மேலதிகாரி ஊடாக அனுப்பவேண்டும் என்பது விதி. மேலதிகாரி பதவி வெற்றிடமாக உள்ளதால் நேரடியாக அனுப்புகிறோம்.)

கனம் ஐயா,

யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்து, இங்கேயே வருத்தக்காரராகி, ஒருநாள் லீவும் எடுக்காமல் நோயாளராகக் கடமையாற்றி வருகிறோம். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு நான்குக்கும் தரைவழி இல்லை. கஷ்டப் பிரதேசத்தில் சில வருடம் இருந்தவருக்கு வசதியான இடம் கொடுப்பது அரச சேவையின் வழமை. எங்களில் சிலருடைய சேவைக்காலம் எழுபது வருடத்தைத் தாண்டிவிட்டது. ஆகையால் எங்களையும், எங்கள் சலரோகம், பிறசர், முட்டு ஆகியவற்றையும் அடுத்த இடமாற்றப் பட்டியலில் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம்.

டொக்டரை எங்களிடம் அனுப்ப நீங்கள் முயலவில்லை என்று சொல்லமாட்டோம். பட்டியலில் பெயர் வருகிறது, ஆள்தான் வருவதில்லை. வருகிறவரும் வந்த அன்றே போகும் நாளை எண்ணத் தொடங்குகிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. தனியாளாய் இரவும் பகலும் நிற்கவேண்டும். பிள்ளையின் நல்ல பள்ளிக்கூடம் கடலுக்கு அந்தப் பக்கம். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேறு சிக்கலானால், கடற்படைப் படகு வரும்வரை கர்ப்பிணியின் கையையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்த பிள்ளையென்றால் பாஷையும் பிடிபடாது. நாங்கள் 'நெஞ்சு கரிக்குது' என்போம். சிற்றூழியர் அதைத் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்வார். எதற்கோ ஒன்றுக்குக் குளிசை கிடைக்கும்.

2022 யூனில் வந்த சுற்றுநிருபத்தை வாசித்து மெய்சிலிர்த்தோம். அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம், மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமில்லை என்றீர்கள். அந்தச் சலுகையை எங்கள் வருத்தங்களுக்கும் நீட்டியருளுங்கள். சலரோகம் ஐந்து வருடம் மெல்பேணில் நின்றுவிட்டு வரட்டும். திரும்பியதும், மூப்புக் குறையாமல் அதே காலில் சேர்த்துக்கொள்கிறோம்.

அந்த வருடத் தொடக்கத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆனது. வருடம் முடியுமுன் 60 என்றீர்கள். இளையவர்கள் கடவுச்சீட்டு வரிசையில் நின்ற நேரத்தில் மூத்தவர்களுக்கும் வாசலைக் காட்டியது சாமானிய மூளைக்கு எட்டுகிற காரியமில்லை. விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றப் படியேறவேண்டி வந்தது. எஞ்சி நின்றவர்களுக்கு 2023 ஜனவரியில் 36 வீதம்வரை வருமான வரி. அதையும் பொறுத்தவர்களுக்கு 2024 ஜனவரியில் டி.ஏ.ரி. கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆனது. எங்களுக்கு எங்கே என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து ஆகிய மூன்றுக்குமான கொடுப்பனவாம் அது. எங்களுக்கு இடையூறு உண்டு. எந்நேரமும் தயாராகவே படுத்திருக்கிறோம். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ். நிலுவையோடு கணக்குப் பார்த்து அனுப்பிவைக்கவும்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் 55 நாடுகளின் பட்டியலொன்றை வெளியிட்டது. அங்கே சுகாதார ஊழியர் தட்டுப்பாடு கடுமையென்பதால், பணக்கார நாடுகள் போய் ஆள் பிடிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. நேபாளம், பங்களாதேஷ், பாகிஸ்தான் எல்லாம் அதில் உண்டு. இலங்கை இல்லை. எங்கள் இலவச மருத்துவம் கணக்கில் அவ்வளவு அழகாய் இருக்கிறது! கொழும்பையும் அனலைதீவையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாவரும் சுகம். இங்கிலாந்துக்காரனும் மனச்சாட்சி உறுத்தாமல் விளம்பரம் போடலாம்.

ஐயா, இந்தத் தலையிடி உங்கள் அமைச்சுக்கு மூத்தது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து பெடியளுக்கு ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போவதைக் கண்டார். தமிழில் படிப்பித்தால் ஊரோடு நிற்பார்கள் என்று கணக்குப்போட்டார். சுற்றுநிருபம் அனுப்பும் வசதி அவருக்கு இருக்கவில்லை, பாவம். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் என்று தடித்தடிப் புத்தகங்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். இன்றைக்கு எம்.பி.பி.எஸ்.ஸைத் தமிழில் நடத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை; அந்தக் காலம் போய்விட்டது. இந்தப் பிள்ளை இங்கே ஏன் நிற்கவேண்டும் என்று அந்த மனுசன் யோசித்ததை நீங்களும் ஒருதரம் யோசிக்கலாம். டொக்டரை நிறுத்திவைக்க உங்களிடம் இருப்பது சேவை ஒப்பந்தமான 'பொண்ட்' ஒன்றுதான். காசைக் கட்டிவிட்டு விமானம் ஏறலாம்.

நிற்கமாட்டாத இனமல்ல வைத்தியர்கள். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் ஷெல்லடிக்குள்ளும் டொக்டர்களை உருவாக்கியது. 1987 ஒக்ரோபர் 21இல் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அதே வார்டுகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் உண்டு.

இடமாற்றம் தர இயலாதாயின் இப்படிச் செய்யலாம். தீவுக்கு டொக்டரை ஒற்றையாய் அனுப்பாமல் இரண்டு பேராய் அனுப்புங்கள். ஒருவர் நித்திரை கொள்ளலாம். மழைக்கு ஒழுகாத, நல்ல தண்ணீர் வரும் விடுதி ஒன்று கொடுங்கள். எந்தத் திகதியில் எந்த இடத்துக்குப் போவார் என்பதை வரும்போதே கையெழுத்திட்டுக் கொடுங்கள். தீவில் நின்ற காலத்துக்குப் பட்டமேற்படிப்பில் ஏதாவது முன்னுரிமை வையுங்கள். கோடிக்கணக்கில் செலவில்லை. கொடி அசைத்துத் திறந்துவைக்க ஒன்றும் இல்லை என்பது மட்டுமே குறை.

இல்லை, இடமாற்றமே தருவதானால், பதிலாள் வராமல் விடுவிக்க முடியாது என்று எழுதுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து வரும் நோயாளர்களைத் தாராளமாய் அனுப்புங்கள். திகதியை மட்டும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் போட்டுவிடாதீர்கள். சோளகம் அடிக்கும், படகு ஓடாது. வந்தவர்கள் டொக்டரைத் தேடிக்கொண்டு இங்கேயே நிற்கவேண்டி வரும்.

இப்படிக்கு,
தீவக நோயாளர்கள்
(நிரந்தர சேவை)